காஷான் லஸ்டர் பாண்டங்கள்: கேள்வி பதில்

கேள்வி: ஈரானின் காஷான் நகரில் இடைக்காலத்தில் செய்த இந்த லஸ்டர் (உலோக மினுக்கம்) கிண்ணங்களில் மின்னுவது தங்கப் பூச்சா?

இல்லை. வெள்ளியும் செம்பும்தான். முதல் சூட்டில் பாண்டத்தின் மேலிருக்கும் கிளேஸ் உருகி வெள்ளைக் கண்ணாடிப் படலமாகிவிடும். அதன்மேல் வெள்ளி, செம்புச் சேர்மங்களைக் குழைத்து வரைந்து, குறைந்த சூட்டில், புகைமூட்டத்தில் இரண்டாம் முறை சுடுவார்கள். கிளேஸிலுள்ள சோடியம், பொட்டாசியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் வெள்ளி, செம்பு அயனிகள் புகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைப் பறித்துக்கொள்வதால் அவை உலோகமாகி, நானோமீட்டர் அளவுத் துகள்களாக மேற்பரப்புக்குச் சற்று அடியில் திரளும். வண்ணம் கிளேஸுக்குள்ளேயே இருப்பதால் அது பெயிண்ட் மாதிரி உரிந்து வராது. தங்க இலை ஒட்டியது மினாயி எனும் பல வண்ண ஓவியப் பாண்டங்களில். அது வேறு வேலை.

கேள்வி: அந்தக் காலத்துச் செய்முறை எழுத்தில் இருக்கிறதா?

இருக்கிறது, அதுவும் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர் எழுதியது. காஷானின் அபூ தாஹிர் குயவர் குடும்பத்தைச் சேர்ந்த அபுல் காசிம் 1301இல் எழுதிவைத்தார். மண்கலவைக்கு அவர் சொல்லும் அளவு: அரைத்த குவார்ட்ஸ் 10 பங்கு, ஃப்ரிட் (உருக்கி ஆற்றிப் பொடித்த கண்ணாடி) 1 பங்கு, வெள்ளைக் களிமண் 1 பங்கு. களிமண் இவ்வளவு குறைவாக இருப்பதால் பிசைந்தால் இழுவை வராது. சக்கரத்தில் உயரமாக இழுத்தால் கிழியும். பல பாண்டங்களும் ஓடுகளும் அச்சில் வார்க்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

லஸ்டர் கலவைக்கு: மனோசிலையும் அரிதாரமும் சேர்த்து ஒன்றரைப் பங்கு, பொன்னிறமும் வெள்ளிநிறமுமான பைரைட் வகைக் கல் ஒரு பங்கு, மஞ்சள் துத்தம் (ஒருவகை சல்பேட் உப்பு) அரைப் பங்கு, வறுத்த செம்பு கால் பங்கு. இதை அரைத்து, அதில் கால் பாகத்தை எடுத்து, சுட்டுப் பொடித்த சுத்த வெள்ளி 6 திர்ஹத்தோடு (திர்ஹம் ஒரு பழைய எடை அளவு) சேர்த்து, கல்லில் 24 மணி நேரம் அரைக்க வேண்டும். திராட்சைச் சாற்றிலோ வினிகரிலோ கரைத்து வரைந்து, தனிச் சூளையில் 72 மணி நேரம் இலேசான புகை கொடுக்க வேண்டும். ஆறியபின் ஈர மண்ணால் தேய்த்தால் பொன்னிறம் வெளிப்படும். மனோசிலையும் அரிதாரமும் ஆர்செனிக் சேர்மங்கள். இன்று யாரும் இதை அப்படியே செய்து பார்க்க வேண்டாம். சூட்டில் எழும் ஆவி உயிருக்கே ஆபத்து. இப்போது செய்பவர்கள் செம்பு அல்லது வெள்ளிச் சேர்மத்தைக் காவிமண்ணில் கலந்து வரைகிறார்கள்.

கேள்வி: நான் அப்படித்தான் செய்கிறேன். சில துண்டுகள் வெளிர்மஞ்சள் கறையோடு நின்றுவிடுகின்றன, சிலவற்றில் காவிமண்ணே ஒட்டிக்கொள்கிறது. ஏன்?

இரண்டும் நேர்மாறான குறைகள். மஞ்சள் கறை என்றால் வெள்ளி உள்ளே போய்விட்டது, ஆனால் மின்னும் அளவுக்கு உலோகத் துகள்களாக அடர்ந்து திரளவில்லை: புகை போதவில்லை, அல்லது புகை கொடுக்கும்போது சூளை ஆறிவிட்டது. காவி ஒட்டினால் சூடு அதிகம். கிளேஸ் இளகி மண்ணைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு தேய்த்தாலும் வராது.

கிளேஸ் இளகத் தொடங்கும் விளிம்பில் சூடு நிற்க வேண்டும். பல கிளேஸ்களுக்கு அது 600 டிகிரி செல்சியஸை ஒட்டி வரும், ஆனால் உங்கள் கிளேஸுக்கு நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதே கிளேஸ் பூசி, அதே கலவையால் கோடு போட்ட சின்ன வளையங்களைப் பார்வைத் துளைக்கு அருகில் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு புகைக்குப் பிறகும் கம்பியால் ஒன்றை வெளியே எடுத்து, தேய்த்துப் பாருங்கள். புகையை விட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால், காரீயம் உள்ள கிளேஸ் சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளை போய்விட்டால் லஸ்டர் எவ்வளவு நன்றாக வந்தாலும் எடுபடாது.

கேள்வி: காஷான் பாணியைப் படத்தில் பார்த்து எப்படி அடையாளம் காண்பது?

வரைந்த இடத்தைவிட வரையாமல் விட்ட இடத்தைப் பாருங்கள். உருவங்கள் வெள்ளையாக விடப்பட்டு, பின்னணிதான் லஸ்டரால் நிரப்பப்பட்டிருக்கும். அந்த லஸ்டர் காய்வதற்குள் கூர்முனையால் கீறி, சின்னச் சின்னச் சுருள்களைப் போட்டிருப்பார்கள். உடைகளிலும் அதே சுருள்கள். வட்ட முகங்கள், கொழுத்த பறவைகள், அடியில் மீன் நீந்தும் குளம் ஆகியவை அடிக்கடி வரும். 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னும் இரண்டு பாணிகள் உண்டு: பெரிய உருவங்கள் கீறலின்றிப் பளிச்சென்று நிற்பது ஒன்று, மினாயி ஓவியம் போல நுணுக்கமான சிறு உருவங்களை வரைவது மற்றொன்று. என் கணிப்பில், சுருள்களால் அடர்ந்த பாணிதான் லஸ்டருக்கு மிகப் பொருத்தம். கீறல்களுக்கிடையே வெள்ளை எட்டிப்பார்ப்பதால் பழுப்புப் பரப்பு கனக்காமல் அசைகிறது. வாஷிங்டன் ஃப்ரியர் காட்சியகத்தில் ஷம்சுத்தீன் அல்ஹசனி கையொப்பமிட்ட 1210ஆம் ஆண்டுத் தட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள்: உறங்கும் இளைஞன், குதிரை, குளத்தில் ஒரு பெண்.

கேள்வி: சமாதி ஓடுகளில் செடிகொடி, அரண்மனை ஓடுகளில் விலங்கு என்று பிரிக்கலாமா?

ஓரளவுக்குத்தான். ஈரானின் வராமினிலுள்ள இமாம்சாதா யஹ்யாவின் (இமாம்சாதா என்பது இமாம் வழித்தோன்றல் ஒருவரின் சமாதி) 1262ஆம் ஆண்டு நட்சத்திர ஓடுகளில் செடிகொடியும், விளிம்பில் குர்ஆன் வசனங்களும் உள்ளன. 1270களின் தக்தே சுலைமான் அரண்மனையில் டிராகனும் சீமுர்க் எனும் பாரசீகப் புராணப் பறவையும் வருகின்றன. ஆனால் தாம்கானின் இமாம்சாதா ஜஃபரைச் சேர்ந்தவை எனக் கருதப்படும் ஓடுகளில் விலங்குகளும் பாரசீகக் கவிதையும் இருக்கின்றன. எனவே படத்தை மட்டும் வைத்து இடத்தைத் தீர்மானிக்காதீர்கள்.

கேள்வி: ஏலத்தில் ஒரு கிண்ணம் பார்த்தேன். எதைச் சோதிப்பது?

முதலில் காகிதங்கள்: எப்போது, எப்படி ஈரானை விட்டு வந்தது என்ற வரலாறு இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். வராமின் ஓடுகளே 19ஆம் நூற்றாண்டில் பெயர்த்து விற்கப்பட்டவை. பிறகு அடிப்பாகம்: கிளேஸ் படாத இடத்தில் வெண்மையான, நறநறப்பான மண் தெரிய வேண்டும், செம்மண் தெரிந்தால் அது காஷான் இல்லை. அடுத்து சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நேரே பழுப்பாகவும் கோணத்தில் உலோக ஒளியாகவும் மாறுவது லஸ்டர். கோடுகளைப் பொருட்படுத்தாமல் பரப்பெங்கும் வானவில் நிறம் படர்ந்திருந்தால் அது மண்ணில் புதைந்து கிளேஸ் சிதைந்ததன் விளைவு. கடைசியாகப் புற ஊதா விளக்கு. இவ்வகைக் கிண்ணங்கள் பலவும் உடைந்த துண்டுகளை ஒட்டி, இடைவெளியைப் பிளாஸ்டரால் அடைத்து, மேலே சித்திரத்தைத் தொடர்ந்து வரைந்தவை. அந்த நிரப்பல்கள் விளக்கொளியில் தனி நிறத்தில் தெரியும். அழகான முகம் ஒன்று சரியாக அந்த நிரப்பலில் விழுந்திருந்தால், அது இந்தக் காலத்து முகம்.