ஓசிடிக்கு சப்ளிமென்ட் எடுக்கலாமா? – ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். என் பேர் போட வேண்டாம். எனக்கு ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்ப செய்ய வைக்கற மனநோய், இருக்குன்னு போன வருஷம்தான் டாக்டர் சொன்னாரு. அதுவரைக்கும் நான் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளு, அவ்ளோதான்னு நெனச்சிட்டு இருந்தேன். பூட்டின கதவை திரும்பத் திரும்ப இழுத்துப் பாக்கறது, அடுப்பை அணைச்சோமான்னு பாதி வழியில திரும்பி வர்றது, என்னால யாருக்காவது ஏதாவது ஆயிடுமோன்னு மனசு கெடந்து அடிச்சிக்கறது, இதெல்லாம்தான். இப்ப எஸ்எஸ்ஆர்ஐங்கற வகை மாத்திரை எடுக்கறேன், வாரா வாரம் ஈஆர்பி தெரபிக்கும் (பயத்தை நேரா சந்திச்சுப் பழகற பயிற்சி) போறேன். முன்னேற்றம் இருக்கு, ஆனா ரொம்ப மெதுவா இருக்கு. இதுக்கு நடுவுல என்ஏசி, இனோசிடால், மெக்னீசியம், அஸ்வகந்தா, 5-எச்டிபின்னு சப்ளிமென்ட்களைப் பத்தி நெட்ல படிக்க ஆரம்பிச்சேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிக்கறேன். எல்லாத்துலயும் ஒவ்வொரு டப்பா வாங்கியாச்சு, ஆனா ஒண்ணையும் தொறக்கல, பயமா இருக்கு. தெரபிஸ்ட் கிட்ட இன்னும் சொல்லல. தெரபியோட சேத்து இதையெல்லாம் எடுக்கலாமா? எது சீக்கிரம் கேக்கும்? மாத்திரையை விட்டுட்டு இயற்கையானதுக்கு மாறிடலாமா? உங்களுக்கும் ஓசிடி உண்டுன்னு எழுதியிருந்தீங்க, அதான் உரிமையோட கேக்கறேன்.

உங்க தம்பி

*

அன்புள்ள தம்பி,

கடைசி கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன், ஏன்னா அதுலதான் ஆபத்து இருக்கு. மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. எஸ்எஸ்ஆர்ஐயை திடீர்னு விட்டா தலைசுத்தல், குமட்டல், தலைக்குள்ள ஷாக் அடிச்ச மாதிரி ஒரு உணர்வு, தூக்கம் கெடறதுன்னு வரிசையா வரும், கூடவே பழைய பயமும் திரும்பி வரும், வந்தா அது மருந்தை விட்டதனால வந்ததா நோயே திரும்பிடுச்சான்னு உங்களுக்கே புரியாது. அதுவும் இல்லாம ஓசிடிக்கு இந்த மருந்து முழுசா வேலை செய்ய 8லேருந்து 12 வாரம் ஆகும், மனச்சோர்வுக்குக் குடுக்கறதை விட டோஸும் பெரும்பாலும் கூடுதலா வேணும். மெதுவா இருக்குன்னு சொல்றீங்களே, அது உங்க குறை இல்ல தம்பி, அதோட வேகமே அதுதான். டோஸ் பத்தலன்னா அதையும் டாக்டர்கிட்டதான் பேசணும்.

அடுத்தது, அந்த 5-எச்டிபி டப்பாவை இன்னைக்கே தனியா எடுத்து வச்சிடுங்க. உடம்பு அதை செரடோனின்ங்கற மூளை ரசாயனமா மாத்தும், நீங்க எடுக்கற மாத்திரையும் செரடோனினை மூளையில கூடுதலா நிக்க வைக்கற மருந்து, ரெண்டும் ஒண்ணு சேந்தா செரடோனின் சின்ட்ரோம்னு ஒண்ணு வரலாம். நடுக்கம், வேர்வை, படபடப்பு, வயித்துப்போக்கு, காய்ச்சல், தசை இறுகிப் போறது, குழப்பம், இப்படிப் போகும், முத்தினா உயிருக்கே ஆபத்து. அந்த மாதிரி அறிகுறி வந்தா வீட்ல உக்காந்து தேடிப் படிக்காம நேரா எமர்ஜென்சிக்குப் போகணும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட்டுன்னு ஒரு மூலிகையும் உங்க கண்ணுல பட்டிருக்கும், அதுக்கும் இதே எச்சரிக்கைதான், அதோட 2005ல ஓசிடி இருக்கற 60 பேருக்கு 12 வாரம் குடுத்துப் பாத்ததுல மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவங்களை விட ஒண்ணும் பெருசா வித்தியாசம் இல்ல.

இனோசிடால் கதையைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன். 1996ல ஒரு சின்ன ஆய்வு, 13 பேர், ஒரு நாளைக்கு 18 கிராம், 6 வாரம். மருந்தே இல்லாத போலி பவுடரை விட நல்லாவே வேலை செஞ்சுது. எல்லாரும் எடுத்துப் போடறது இதைத்தான். ஆனா 1999ல, ஏற்கனவே எஸ்எஸ்ஆர்ஐ எடுத்துட்டு இருந்தவங்களுக்கு அதோட சேத்துக் குடுத்துப் பாத்தாங்க, மொத்தத்துல பாத்தா பலன் இல்ல. நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்க? ரெண்டாவது பக்கம். ரெண்டுமே ரொம்ப சின்ன ஆய்வுங்கறதனால இதை வச்சு தீர்ப்பெல்லாம் எழுத முடியாது, ஆனா உங்க நிலைமைக்குக் கிட்ட வர்றது எதுவோ அதைத்தானே பாக்கணும். இன்னொண்ணு, டப்பாவைத் திருப்பிப் பாருங்க, ஒரு கேப்ஸ்யூல்ல 500 மி.கி.ன்னு இருந்தா 18 கிராமுக்கு 36 கேப்ஸ்யூல் ஆகும். நாளைக்கு ரெண்டு எடுங்கன்னு போட்டிருப்பான். அந்த ரெண்டுக்கும் அந்த ஆய்வுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. 18 கிராம் எடுத்தா வயிறு உப்புசம், பேதின்னு படுத்தும், அது வேற.

என்ஏசிக்கு கொஞ்சம் கூடுதலா நியாயம் இருக்கு. குளுட்டமேட்ங்கற மூளை ரசாயனத்தை சமன் பண்ணுதுங்கறதுதான் அடிப்படை யோசனை. பாரசிட்டமால் ஓவர்டோஸ் ஆனவங்களுக்கு ஆஸ்பத்திரியில மாத்து மருந்தா குடுக்கறதும் இதே பொருள்தான், அதனால டாக்டர்களுக்கு இது புதுசு இல்ல. 2012ல, எஸ்எஸ்ஆர்ஐ மட்டும் போதாம இருந்த 48 பேருக்கு 12 வாரம், 2400 மி.கி. வரைக்கும் சேத்துக் குடுத்ததுல நல்ல பலன் தெரிஞ்சுது. 2017ல வேற ஒரு குழு 40 பேரை வச்சு 16 வாரம் பாத்தாங்க, ஓசிடியில வித்தியாசம் இல்ல. சிலருக்கு உதவலாம், பலருக்கு ஒண்ணும் ஆகாது, என் கணக்கு அவ்ளோதான். ஆஸ்துமா இருந்தாலோ ரத்தம் உறையாம இருக்க மருந்து எடுத்தாலோ கண்டிப்பா டாக்டரைக் கேக்காம தொடக்கூடாது. நீங்க வாங்கி வச்சதுல ஏதாவது ஒண்ணை டாக்டர் முன்னாடி வச்சுப் பேசலாம்னா இதை வைக்கலாம்.

மெக்னீசியம் ஓசிடியைக் குறைக்கும்னு நம்பற அளவுக்கு ஆதாரம் இல்ல, கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு கெடுதல். அஸ்வகந்தாவுக்கும் ஒரு குட்டி ஆய்வு இருக்கு, ஆனா அது தைராய்டை ஏத்திவிடலாம், ஈரல் பாதிச்ச கேஸ்களும் பதிவாகியிருக்கு. மூலிகைன்னா உடம்பை ஒண்ணும் பண்ணாதுன்னு நெனைக்கற நெனப்பை மட்டும் தயவு செஞ்சு விட்டுடுங்க.

விட்டமின் டி, பி12, இரும்புச்சத்து, தைராய்டு, இதெல்லாம் டெஸ்ட் பண்ணிப் பாக்கறது வேற விஷயம், அதை நான் முழு மனசோட சொல்றேன். பி12 குறைஞ்சிருந்தாலோ ரத்தசோகை இருந்தாலோ சோர்வு, எரிச்சல், கவனம் நிக்காம போறதுன்னு எல்லாம் இருக்கும், அந்த உடம்போட தெரபியில உக்காந்தா தாங்காது. குறை இருந்தா அதை சரி பண்ணுங்க, அது ஓசிடிக்கு மருந்துன்னு இல்ல, குறைங்கறதனாலதான். குறை இல்லன்னா கூடக் கொட்டறதுல பிரயோஜனம் இல்ல, பி6 ரொம்ப நாள் அதிக டோஸ்ல எடுத்தா கை கால் மரத்துப் போகும், நரம்பே கெடும். பயோட்டின்ங்கற விட்டமின் எடுத்துட்டு இருந்தா டெஸ்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, தைராய்டு ரிசல்ட்டை அது தப்பா காட்ட வைக்கும்.

இப்ப நான் உண்மையில சொல்ல வந்ததுக்கு வர்றேன். உங்க கடிதத்துல என்னை ரொம்ப கவலைப்பட வச்சது எந்த டப்பாவும் இல்ல, ராத்திரி ரெண்டு மணிங்கற அந்த ஒரு வரிதான். வாங்கியாச்சு, தொறக்கல, இன்னும் படிக்கறேன், யாருக்கும் சொல்லல. தம்பி, இது கதவை இழுத்துப் பாக்கற அதே பழக்கம்தான், வேற சட்டை போட்டுட்டு வந்திருக்கு. இது சேஃபா, இது போதுமா, நூறு சதவீதம் நிச்சயமான்னு தேடிட்டே இருக்கறது, ஒரு கட்டுரை படிச்சதும் ஒரு நிமிஷம் நிம்மதி, உடனே அடுத்த சந்தேகம். அந்த ஒரு நிமிஷ நிம்மதிதான் இந்த நோய்க்கு சாப்பாடு.

எனக்கு இது எப்படித் தெரியும்னா, எனக்கு விட்டமின் டி குறைவா இருக்குன்னு டாக்டர் கேப்ஸ்யூல் எழுதிக் குடுத்தப்ப நடந்ததுதான். அதை முழுங்கிட்டு, முழுங்கினேனான்னு கண்ணாடி முன்னாடி நாக்கைத் தூக்கிப் பாப்பேன், அப்புறம் டப்பாவைக் கொட்டி மிச்சம் எத்தனைன்னு எண்ணுவேன், அடியில இருக்கற எக்ஸ்பைரி தேதியை விரலால தடவித் தடவிப் படிப்பேன், சீல் பிரிச்ச இடத்துல ஓட்டை ஏதாவது இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பேன். தெரபிஸ்ட் கிட்ட சொன்னேன். அவங்க அதையே பயிற்சியா மாத்திட்டாங்க. மாத்திரையைப் போடு, தண்ணி குடி, மூடியைத் திருகு, அலமாரியில வை, ரூமை விட்டு வெளிய வந்துடு, எண்ணக்கூடாது. போட்டோமா இல்லையான்னு மனசு கேட்டா, போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பாரு. முதல்ல கையெல்லாம் துடிச்சுது, திரும்பிப் போய் ஒரே ஒரு தடவை எண்ணிட்டா போதும்னு இருந்துச்சு. போகல. விட்டமின் டியில ஒண்ணு தவறினா ஒண்ணும் ஆகாதுங்கறதனாலதான் அவங்க அதைத் தேர்ந்தெடுத்தாங்க, முக்கியமான மருந்துல இப்படி நீங்களா விளையாடக்கூடாது, அதுக்கு கிழமை போட்ட மாத்திரைப் பெட்டி வச்சுக்கிறதுல தப்பே இல்ல.

இன்னொரு விதமாவும் இது தெரபியைக் கெடுக்கும். ஈஆர்பியில நாம என்ன பண்றோம், பயம் வர விடறோம், வந்த பயத்துக்கு சடங்கு (கதவை இழுத்துப் பாக்கற மாதிரி செயல்) பண்ணாம உக்காந்திருக்கோம், ஒண்ணும் ஆகலன்னும் பயத்தைத் தாங்க முடியுதுன்னும் மூளை தானா கத்துக்குது. நீங்க பயிற்சிக்குப் போறதுக்கு முன்னாடி பாக்கெட்ல ஒரு மெக்னீசியத்தை வச்சிட்டு, படபடப்பு வந்ததும் அதைப் போட்டீங்கன்னா, கதவைப் பாக்காம வந்த பெருமை எல்லாம் அந்த கேப்ஸ்யூலுக்குப் போயிடும். நாளைக்கு அது கையில இல்லன்னா வெளியவே போக மாட்டீங்க. 1966ல லண்டன்ல விக்டர் மேயர்னு ஒருத்தர் ரெண்டு பேஷன்ட்டுகளை வச்சு இந்த முறையை முதல் முதலா எழுதினப்ப, ஓசிடியெல்லாம் கிட்டத்தட்ட தீராதுன்னுதான் டாக்டர்களே இருந்தாங்க. அங்கேருந்து இன்னைக்கு இது முதல் வரிசை சிகிச்சையா வந்து நிக்குது. நீங்க வாங்கி வச்ச எந்த டப்பாவுக்கும் இந்த சரித்திரம் கிடையாது.

அதனால அடுத்த செஷனுக்கு எல்லா டப்பாவையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, தெரபிஸ்ட் கிட்ட ராத்திரி படிக்கறதையும் சேத்து சொல்லுங்க, அது உங்க பயிற்சிப் பட்டியல்ல ஏற வேண்டிய ஐட்டம். மருந்து எழுதற டாக்டர் கிட்ட எந்த சப்ளிமென்ட், எவ்வளவு, எத்தனை வாரம்னு ஒரே தடவை பேசி முடிவு பண்ணுங்க. எடுக்கறதுன்னா ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும், பயம் வந்தாலும் வராட்டியும் ஒரே நேரத்துல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியும் 12 வாரம் கழிச்சும் ஒய்-பாக்ஸ்னு ஓசிடி எவ்வளவு கடுமைன்னு அளக்கற, 0லேருந்து 40 வரைக்கும் போற ஒரு ஸ்கோர் இருக்கு, அதை அவங்களை வச்சே எடுத்துக்கங்க. நீங்களா தினம் தினம் அளந்து பாக்காதீங்க, அதுவும் செக்கிங் ஆயிடும். குறையலன்னா நிறுத்திடுங்க, வருத்தப்பட ஒண்ணும் இல்ல.

இந்த பதிலை ஒரு தடவை படிங்க, போதும். திரும்பத் திரும்ப வந்து நம்பரை சரிபாக்க வேண்டாம். எனக்கு மறுபடி எழுதுங்க, தெரபி எப்படிப் போகுது, கதவைப் பாக்காம வெளிய போனப்ப எப்படி இருந்துச்சுன்னு கேக்க எனக்கு ரொம்ப ஆசை. ஆனா இந்த பிராண்ட் சரியா, இந்த டோஸ் சேஃபான்னு கேட்டு எழுதினீங்கன்னா அதுக்கு மட்டும் நான் பதில் போட மாட்டேன். உங்க மேல அக்கறை இருக்கறதனாலதான் போட மாட்டேன்.

அன்புடன்,
அக்கா