கடைசி கையெழுத்துக்காரர் கையில குடுமி

கேள்வி: நாங்க நாலு பேர் சேர்ந்து பனியன் யூனிட் ஆரம்பிக்கிறோம். பார்ட்னர்ஷிப் டீடுக்கு ஆதார் இ-சைன் லிங்க் வந்துச்சு, மூணு பேர் ஓடிபி அடிச்சு போட்டுட்டோம். நாலாவது ஆளு ரெண்டு வாரமா "பாக்கறேன்"ங்கறார். நாங்க போட்ட பிடிஎஃப்ப காட்டி வெளிய வேற ஆளுகிட்ட பேரம் பேசறார்னு கேள்வி. டிஜிட்டல்னா பாதுகாப்புன்னாங்களே?
- பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: கையெழுத்துல ஒரு குறையும் இல்லீங்க. நீங்க ஓடிபி அடிச்சப்ப அந்த ஃபைலோட ஹாஷை, அதாவது அதுக்குன்னே உள்ள கைரேகை மாதிரி ஒரு நம்பரைத்தான் பூட்டி வச்சாங்க, உள்ள ஒரு கமாவ மாத்துனாக்கூட குட்டு வெளிப்பட்டுடும். மாட்டுனது எங்கன்னா, மொத கையெழுத்துக்கும் கடைசி கையெழுத்துக்கும் நடுவுல இருக்கற நேரத்துல. முன்னாடின்னா ஒரே மேஜைல உக்காந்து பேனா கை மாறும், டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுடும். இப்ப ஆளுக்கொரு ஊர்ல இருந்து போடறோம், கடைசியா போடறவர்கிட்ட உங்க சம்மதம் மொத்தமும் இருக்கு, அவர் சம்மதம் யார்கிட்டயும் இல்ல.

இது ஆராய்ச்சிக்காரங்களையே படுத்துன விஷயம். நடுவுல நம்பிக்கையான ஒரு ஆள் இல்லாம ரெண்டு பேர் நூத்துக்கு நூறு நியாயமா கையெழுத்து மாத்திக்கவே முடியாதுன்னு 1980லயே ஈவனும் யாகோபியும் காட்டிட்டாங்க. அப்புறம் கேரே, மெக்கென்சின்னு ரெண்டு பேர் பல பேர் சேர்ந்து போட ஒரு முறை கொண்டுவந்தாங்க, 2004ல அத சோதிச்சா நாலு பேர் போடறப்ப நியாயம் கோட்டை விடுதுன்னு தெரிஞ்சுது. உங்க கணக்கும் நாலுதான், பாருங்க!

இப்ப செய்ய வேண்டியது: 1872 ஒப்பந்தச் சட்டப்படி எதிராளி ஏத்துக்கறதுக்கு முன்னாடி நம்ம வாக்கை வாபஸ் வாங்கலாம். மூணு பேரும் சேர்ந்து, இன்ன தேதிக்குள்ள கையெழுத்து வரலைன்னா எங்க சம்மதம் ரத்துன்னு அவருக்கு மெயில் போடுங்க, தேதி தாண்டுனா லிங்க்கையும் கேன்சல் பண்ணிடுங்க. வக்கீல் ஒருதடவ பாத்துட்டா நல்லது. அடுத்த டீடுல "நாலு பேரும் இன்ன தேதிக்குள்ள போட்டாத்தான் செல்லும்"னு ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்.

கேள்வி: இ-சைன் பண்ண பிடிஎஃப்ல பச்சை டிக் வராம மஞ்சள் கேள்விக்குறி வருது. போலியா?
- வாசகி, ஈரோடு

பதில்: இத மட்டும் வச்சு போலின்னு சொல்ல முடியாதும்மா. சர்டிஃபிகேட் குடுத்தவங்கள உங்க மென்பொருளுக்கு அறிமுகம் இல்லாட்டியும் இப்படித்தான் வரும், இ-ஆதார்லயும் பாத்திருப்பீங்க. ஆனா பச்சை வந்துட்டா கண்ண மூடிக்கலாம்னும் இல்ல. 2019ல ஜெர்மனி போஹும் ரூர் பல்கலைக்காரங்க பிடிஎஃப் திறக்கற 22 டெஸ்க்டாப் மென்பொருள்ல 21ஐ கள்ளக் கையெழுத்தால ஏமாத்தி காட்டுனாங்க. அதனால அப்டேட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல திறந்து, கையெழுத்துக்கு அப்புறம் ஃபைல் மாறிருக்கான்னு பாருங்க. பிரிண்ட் எடுத்த டிக்குக்கு மதிப்பே இல்ல.

கேள்வி: டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்து போடற, பென் டிரைவ் மாதிரி சாதனம்) ஆடிட்டர் ஆபீஸ்லயே இருக்கட்டுமா?
- வாசகர், கரூர்

பதில்: ஒரு ஆபீஸ்ல டிராயர நானே பாத்திருக்கேன். பத்து இருபது டோக்கன், ரப்பர் பேண்ட் போட்டு, ஒவ்வொண்ணு மேலயும் ஸ்டிக்கர்ல கம்பெனி பேரும் அதுக்கு கீழயே பாஸ்வேர்டும். ரெண்டும் கையில இருந்தா யார் வேணா உங்க பேர்ல கையெழுத்து போட்டுடலாம். நாளைக்கே போய் உங்க டோக்கனை வாங்கிட்டு வந்துடுங்க.