நாலு பாயின்ட் எடுக்கிற பெண்ணுக்கு ஏன் முப்பது நிமிடம்?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இரண்டாம் ஆண்டாக ஆடுகிறாள். பள்ளியில் படித்தபோது அணியிலேயே அதிக பாயின்ட் அவள்தான். இப்போது ஆறு நிமிடம் கிடைத்தாலே பெரிது. அவள் இடத்தில் ஆடும் இன்னொரு பெண் நாலு பாயின்ட் தாண்டுவதில்லை, ஆனால் முப்பது நிமிடம் ஆடுகிறாள். கோச் பாரபட்சம் பார்க்கிறாரா? வேறு கல்லூரிக்கு மாறலாமா என்று மகள் கேட்கிறாள். நான் கோச்சிடம் பேசட்டுமா?
— ஒரு தாய், வட கரோலைனா

பதில்: அன்புச் சகோதரி, கேலரியில் இருப்பவர்களின் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். கோச்சின் கண் அப்படி ஓடாது. ஒரு ஆட்டம் 40 நிமிடம். பத்துப் பேருக்கு ஒரே பந்து. சமமாகப் பங்கு போட்டாலும் ஒருத்தி கையில் அது இருப்பது நாலு நிமிடம். மீதி 36 நிமிடம் அவள் என்ன செய்தாள் என்பதில்தான் கோச்சின் கணக்கு தொடங்குகிறது.

அந்த நாலு பாயின்ட் பெண்ணை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள். எதிரணி வளையத்தை நோக்கிப் பந்தை எறிகிறது. எல்லார் தலையும் மேலே போகிறது. அவள் மட்டும் பந்தைப் பார்க்காமல் தான் காக்க வேண்டிய ஆளைத் தேடித் திரும்புகிறாள். முதுகை அந்த எதிரணிப் பெண்மேல் கொடுத்து, இடுப்பைத் தாழ்த்தி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறாள். வளையத்தில் பட்டுத் தெறித்த பந்தை, பக்கத்தில் நிற்கும் உயரமான தோழி சுலபமாக எடுத்துக்கொள்கிறாள். ரீபவுண்ட் உயரமானவள் கணக்கில் ஏறுகிறது. இப்படி வழியை அடைப்பதுதான் பாக்ஸ் அவுட்; அதைச் செய்தவள் பெயர் ஸ்கோர் தாளில் வராது. ஆனால் மறுநாள் கோச் வீடியோவை நிறுத்தி எல்லாருக்கும் காட்டுவது அவளைத்தான்.

பல அணிகளில் இதற்கென்றே உதவிக் கோச் தனிக் குறிப்பு வைத்திருப்பார். பாஸை விரல் நுனியால் தட்டிவிட்டது, மோத வந்தவளுக்கு எதிரே அசையாமல் நின்று ஃபவுல் வாங்கித் தந்தது, தரையில் உருண்ட பந்துக்கு விழுந்தது எல்லாம் அதில் ஏறும். அப்புறம் பிளஸ்-மைனஸ். அவள் களத்தில் இருந்த நேரத்தில் அணி எத்தனை முன்னேறியது, எத்தனை பின்தங்கியது என்ற கணக்கு அது. ஆறு நிமிடத்தை வைத்து இதில் எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் மகள் அதைப் பார்த்து மனம் உடைய வேண்டாம்.

2024 ஏப்ரலில் கிளீவ்லேண்டில் நடந்த அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்து இறுதி ஆட்டம் நினைவிருக்கிறதா? அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் முதல் பத்து நிமிடத்திலேயே 18 பாயின்ட் எடுத்தார். மீதி முப்பது நிமிடத்தில் அவருக்குக் கிடைத்தது 12 மட்டுமே. சௌத் கரோலைனா 87-75 என்று வென்றது. அவரை மடக்கியதில் பெரிய பங்கு அந்த அணியின் ரேவன் ஜான்சனுடையது. ரேவன் அன்று பத்துப் பாயின்ட்கூட எடுக்கவில்லை. முந்தின ஆண்டு அரையிறுதியில் இதே கிளார்க், ‘இவளுக்குத் தூரத்திலிருந்து போட வராது’ என்பதுபோல் கையை வீசி ரேவனை மறிக்காமல் விட்டிருந்தார். அந்த ஆட்டத்தில் சௌத் கரோலைனா தோற்றது. அதற்காகக் கோச் டான் ஸ்டேலி ரேவனை ஒதுக்கிவிடவில்லை. அந்தப் பெண்ணும் சோர்ந்து உட்காரவில்லை, எறிந்து எறிந்து பழகினார். இதை எழுதும்போதே எனக்கு மனசு நிறைகிறது.

அதே இறுதி ஆட்டத்தில் சௌத் கரோலைனாவின் பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள் எடுத்தது 37 பாயின்ட். அயோவா பெஞ்ச் எடுத்தது பூஜ்யம். அந்த 37-இல் முதலாண்டு மாணவி டெஸ்ஸா ஜான்சன் மட்டும் 19. அதனால் பெஞ்ச் என்பது தண்டனை இடம் என்று உங்கள் மகள் எண்ண வேண்டாம். ஆனால் பெஞ்சில் எப்படி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் கணக்கில் சேரும். கனெக்டிகட் அணியின் கோச் ஜீனோ ஆரியம்மா, ஆட்ட வீடியோவில் பெஞ்சையும் பார்ப்பதாக வெளிப்படையாகவே சொன்னவர். ஆட்டத்தில் ஒட்டாமல் அங்கே உட்கார்ந்திருப்பவள் களத்தில் இறங்க மாட்டாள் என்பது அவர் கட்சி.

சரி, பாரபட்சமே இருக்காதா? இருக்கும். பழகிய ஆளையே நம்புவதும், ஒரு தவறை மாதக்கணக்கில் மறக்காமல் இருப்பதும் கோச்சுகளிடம் நான் பார்த்த குறைதான். அதைக் கண்டுபிடிக்கக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி. ஆனால் கேட்க வேண்டியது நீங்கள் இல்லை, மகள். தோற்ற கையோடு கேட்கக் கூடாது. ஓரிரு நாள் கழித்து, தனியாக, நேரம் வாங்கிக்கொண்டு போகட்டும். ‘எனக்கு ஏன் நிமிடம் தரவில்லை?’ என்று கேட்டால் பதில் சுற்றி வளைத்துத்தான் வரும். ‘என்னை எந்த வேலைக்கு நம்பி இறக்குவீர்கள்? அதற்கு நான் எதைச் சரிசெய்ய வேண்டும்?’ என்று கேட்கட்டும். கடைசி மூன்று ஆட்டங்களில் அவள் டிஃபென்ஸ் ஆடிய பகுதிகளைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடியுமா என்றும் கேட்கட்டும்.

கோச் தெளிவாக ஒன்றைச் சொன்னால் இந்த சீசன் முழுக்க அதைச் செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு காரணம் வந்தால், அல்லது பேசவே நேரம் கிடைக்காவிட்டால், மாறுவதைப் பற்றி யோசியுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்காமலே மாறினால் அங்கேயும் இதே ஆறு நிமிடம் காத்திருக்கலாம்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஆட்டத்தில் அவள் இறங்கும்போது ஸ்கோர் போர்டையும் பந்தையும் விட்டுவிட்டு அவள் கால்களை மட்டும் பாருங்கள். எதிரணி கையில் பந்து போனதும் எத்தனை வேகமாகத் திரும்பி ஓடுகிறாள், யாருக்கு உதவிக்குப் போகிறாள் என்று பாருங்கள். அன்று இரவு போனில் ‘எத்தனை பாயின்ட்?’ என்று கேட்காமல், பார்த்ததில் ஒன்றை அவளிடம் சொல்லுங்கள்.