காப்புறுதி கேள்வி–பதில்: ஊர்ப் பாலிசியை விட்டுவிடலாமா?

பதில் தருபவர் கொழும்பில் காப்புறுதி நிறுவனமொன்றின் உரிமைகோரல் பிரிவில் நீண்டகாலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்.

கேள்வி: அம்மா, நாங்கள் திருச்சிக்காரர்கள். என் கணவரை அவருடைய கம்பெனி மூன்று வருட ஒப்பந்தத்தில் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறது. வெள்ளவத்தையில் குடியிருக்கிறோம். எங்களுக்கு ஆறு வயதில் ஒரு பையன். இந்தியாவில் எட்டு வருடமாக 10 லட்ச ரூபாய்க்குக் குடும்ப மெடிக்கல் பாலிசி கட்டி வருகிறோம். கணவருக்கு இரண்டு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. இங்கே கம்பெனி தந்திருக்கும் காப்புறுதி அவருக்கு மட்டும்தான். அடுத்த மாதம் இந்தியப் பாலிசியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு ஏஜென்ட், "அதை விட்டுவிடுங்கள், உலகம் முழுவதும் செல்லுபடியாகிற டாலர் பாலிசி ஒன்று போதும்" என்கிறார். அது இந்தியப் பாலிசியைவிடப் பல மடங்கு விலை. என்ன செய்யலாம்?
– வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, முதலில் இந்தியப் பாலிசியைப் புதுப்பியுங்கள். மற்றதையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

காரணம் உங்கள் கணவரின் சர்க்கரை. பாலிசி எடுத்து ஆறு வருடம் கழித்துத்தான் அவருக்கு அது வந்திருக்கிறது. ஆகவே அந்தப் பாலிசியின் கணக்கில் அது "ஏற்கெனவே இருந்த நோய்" ஆகாது. நாளைக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்தாலும் சிறுநீரகத்தில் கோளாறு வந்தாலும் அதற்கான காத்திருப்புக் காலம் (நிறுவனம் பணம் தராமல் காக்க வைக்கும் காலம்) என்று எதுவும் கிடையாது. அதை விட்டுவிட்டு மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போய்ப் புதிதாக எடுத்தீர்களென்றால், அதே சர்க்கரை பழைய நோய் ஆகிவிடும். இந்திய ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ 2024இல் அந்தக் காத்திருப்பின் உச்சவரம்பை நான்கு வருடத்திலிருந்து மூன்று வருடமாகக் குறைத்தது உண்மைதான். ஆனாலும் மூன்று வருடம் பெரிய காலம். அதே ஆண்டில் இன்னொன்றும் வந்தது: 60 மாதம் தொடர்ந்து கட்டியவருடைய உரிமைகோரலை, மோசடி நிரூபிக்கப்பட்டாலொழிய, "நோயை மறைத்தீர்கள்" என்று சொல்லி மறுக்க முடியாது. நீங்கள் எட்டு வருடம் கட்டியிருக்கிறீர்கள். புதிய பாலிசியில் இந்தப் பாதுகாப்பும் ஆரம்பத்திலிருந்து எண்ணப்படும். எந்தக் கம்பனியும் காசுக்கு விற்காத விஷயம் இது, அதை ஒரு ஏஜென்டின் பேச்சுக்காக விடக்கூடாது.

புதுப்பிக்கும்போது, இப்போது கொழும்பில் வசிக்கிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். பதில் வந்தால் அந்த மின்னஞ்சலை அழிக்காமல் வைத்திருங்கள்.

சரி, அந்தப் பாலிசி கொழும்பில் உதவுமா? பெரும்பாலும் உதவாது. சாதாரண இந்தியக் குடும்பப் பாலிசிகள் இந்தியாவுக்குள் பெறும் சிகிச்சைக்குத்தான் பணம் தரும். உங்கள் பத்திரத்தில் எந்த நாட்டுச் சிகிச்சைக்குப் பொருந்தும் என்று ஒரு பந்தி இருக்கும். அதை எடுத்து ஒருதரம் படியுங்கள்.

இங்கேதான் என் அபிப்பிராயம் ஏஜென்டின் அபிப்பிராயத்திலிருந்து வேறுபடுகிறது. லாகோஸ், லீமா போன்ற தூரத்து நகரங்களில் இருக்கும் இந்தியக் குடும்பத்துக்கு உலகப் பாலிசி அவசியம். ஆனால் கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்காவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்தான், சென்னைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. நாள் குறித்துச் செய்யக்கூடிய சிகிச்சை எதுவானாலும், கண் புரையோ ஹேர்னியாவோ பித்தப்பைக் கல்லோ, நீங்கள் ஊருக்குப் போய் உங்கள் சொந்தப் பாலிசியில் செய்யலாம். ஆக, கொழும்பில் உங்களுக்கு வேண்டியது பயணம் செய்ய முடியாத நோய்க்கான பாதுகாப்பு மட்டுமே. விபத்து, மாரடைப்பு, குடல்வால் அழற்சி, எல்லாவற்றுக்கும் மேலாக டெங்கு.

டெங்குவை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017இல் மட்டும் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு பதிவானது. கொழும்பு மாவட்டத்தில் அது ஒவ்வொரு மழைக்கும் வரும் நோய். பிள்ளைக்குக் காய்ச்சல் விடுகிற கட்டத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது. அந்த நேரத்தில் விமானத்தில் ஏற்றுவதை நினைத்தே பார்க்கக்கூடாது. சில மணிக்கொருதரம் இரத்தம் பார்க்க வேண்டும், தேவையானால் தீவிர கண்காணிப்புப் பிரிவில் வைக்க வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியில் பில் அங்கேதான் ஏறும்.

ஆகவே செய்ய வேண்டியது இது. முதலில் கணவரின் கம்பனியில் மனிதவளப் பிரிவைக் கேளுங்கள்: மனைவியையும் பிள்ளையையும் குழுக் காப்புறுதியில் சேர்க்க முடியுமா, அதற்கான தொகையை நாங்களே கட்டினால் சேர்ப்பீர்களா? பல கம்பனிகள் கேட்டால் சேர்க்கும், கேட்காதவரை சொல்லாது. குழுக் காப்புறுதியில் மருத்துவக் கேள்விகள் குறைவு, விலையும் குறைவு. அது முடியாது என்றால் இலங்கை நிறுவனமொன்றில் ரூபாய்ப் பாலிசி. வதிவிட விசாவில் இருக்கும் வெளிநாட்டவரை ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அதுவும் சரிவரவில்லை என்றால் மட்டும் டாலர் பாலிசிக்குப் போங்கள். அப்படிப் போனாலும் ஆஸ்பத்திரியில் தங்கும் சிகிச்சைக்கு மட்டும், அமெரிக்காவைச் சேர்க்காமல், முதற்பகுதிச் செலவை நீங்களே ஏற்கும் முறையில் எடுங்கள். விலை நன்றாக இறங்கும். டொக்டரைச் சனல் பண்ணும் (முன்பதிவு செய்து பார்க்கும்) காசையும் இருமல் மருந்துக் காசையும் கையிலிருந்து கொடுத்துவிடலாம். அவற்றுக்கெல்லாம் காப்புறுதி தேடுவதால்தான் டாலர் பாலிசி அவ்வளவு விலையாகிறது.

ரூபாய்ப் பாலிசி எடுத்தால் தொகையைப் பெரிதாக வையுங்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 200 இலங்கை ரூபாய், மே மாதத்தில் 360 ரூபாய். ஐந்து லட்ச ரூபாய்ப் பாலிசி வைத்திருந்தவரின் பாதுகாப்பு 2,500 டாலரிலிருந்து 1,400 டாலருக்குக் கீழே போய்விட்டது. பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை. ஆனால் ஸ்டென்டும் (இதய இரத்தக்குழாயில் வைக்கும் சிறு குழாய்) மருந்தும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன.

கையொப்பம் வைக்குமுன் ஏஜென்டிடம் டிஸ்சார்ஜ் நாளைப் பற்றிக் கேளுங்கள். அந்த நாளை நான் வருடக்கணக்காகத் தொலைபேசியின் மறுமுனையில் இருந்து பார்த்தவள். காலை ரவுண்டில் டொக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிடுவார். பில் கணக்குப் பிரிவுக்குப் போய், அங்கிருந்து காப்புறுதி நிறுவனத்துக்குப் போய், அனுமதிக் கடிதம் வரப் பிற்பகல் ஆகிவிடும். அதற்குள் உடுப்பு மாற்றிய பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருக்கும், தகப்பன் காசாளர் கவுண்டரில் நின்றுகொண்டிருப்பார். கடிதம் வந்ததும் இன்னொரு அதிர்ச்சி: அறை வாடகைக்கு நாளொன்றுக்கு ஒரு வரம்பு, அதற்கு மேற்பட்டது உங்கள் பொறுப்பு. கையுறை, சாப்பாடு, பதிவுக் கட்டணம், இவையும் உங்கள் பொறுப்பு. ஆகவே அறை வரம்பு எவ்வளவு, எந்தெந்த ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் செலுத்துவீர்கள், வெள்ளவத்தையிலிருந்து இரவில் போகக்கூடிய ஆஸ்பத்திரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா, தொடக்கக் காத்திருப்பு நாட்களில் டெங்கு வந்தால் தருவீர்களா? இந்த நான்குக்கும் பதில் எழுத்தில் வரட்டும். பட்டியலில் இருந்தாலும் அனுமதிக்கும்போது ஆஸ்பத்திரி முற்பணம் கேட்கலாம், அதற்கு ஒரு தொகையை வங்கியில் ஒதுக்கி வையுங்கள்.

கணவரின் சர்க்கரையைப் புதிய பாலிசிக்கான முன்மொழிவுப் படிவத்தில் (விண்ணப்பத்தில்) கட்டாயம் எழுதுங்கள். இரத்தக் கொதிப்பு மாத்திரையைக் குறிப்பிடாமல் விட்ட ஒருவரின் கோப்பை நான் கையாண்டிருக்கிறேன். நெஞ்சுவலியோடு வந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது எழுதிய குறிப்பில், "நான்கு வருடமாக மாத்திரை எடுக்கிறார்" என்று வார்ட் டொக்டர் எழுதியிருந்தார். நோயாளியே சொன்னது அது. அந்த ஒரு வரியோடு கோரிக்கை நின்றுவிட்டது. அவருடைய மனைவி நகையை அடகு வைத்துப் பில் கட்டினார்.

அவசரத்துக்கு 1990 என்ற இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். அம்புலன்ஸுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் அது அரசாங்க ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகும். கடுமையான விபத்தென்றால் அதில் தயங்க எதுவும் இல்லை, கொழும்புத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு அனுபவம் மிக்கது.

கேள்வி: எனக்கு 71 வயது. 2019இல் ஸ்டென்ட் வைத்தது. கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் மகளிடம் நானும் மனைவியும் சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் தங்குவதற்கான விசா) போகவிருக்கிறோம். மகள் இணையத்தில் மலிவாக ஒரு காப்புறுதி பார்த்திருக்கிறாள். போன கிழமை டொக்டர் என் பிரஷர் மாத்திரையைக் கூட்டிவிட்டார். இதைச் சொல்ல வேண்டுமா?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: கட்டாயம் சொல்ல வேண்டும் ஐயா. உங்கள் விஷயத்தில் விலையைவிட அந்த மாத்திரைதான் முக்கியம்.

விசாவுக்கு வேண்டியது குறைந்தது 100,000 கனேடிய டொலர் பாதுகாப்பு, கனடாவில் நுழையும் நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடத்துக்கு. விலைமதிப்பீட்டுக் கடிதம் செல்லாது, பணம் கட்டிய பத்திரம் வேண்டும். முற்பணம் கட்டித் தவணையில் செலுத்துவதை ஏற்றுக்கொள்கிறார்கள். மகள் கண்டுபிடித்த மலிவான பாலிசி இந்த நிபந்தனைகளையெல்லாம் நிறைவேற்றிவிடக்கூடும். ஆனால் விசா கிடைக்கப் போதுமான பத்திரம், உங்கள் இதயத்துக்குப் போதுமானதாக இருக்கும் என்றில்லை.

வருகையாளர் காப்புறுதிகளில் பழைய நோய் பற்றி மூன்று விதம் உண்டு. பழைய நோயை முழுதாக விலக்குவது ஒன்று. அதுதான் மலிவு, உங்கள் மகள் பார்த்தது அதுவாக இருக்கலாம். இரண்டாவது, நோய் "நிலையாக" இருந்தால் மட்டும் ஏற்பது. மூன்றாவது விதத்தில் நிபந்தனை தளர்வு, விலை கூட. நிலை என்றால் பாலிசி தொடங்குவதற்கு முந்திய 90 அல்லது 180 நாட்களில், சில பாலிசிகளில் அதற்கும் மேல், புதிய அறிகுறி இல்லை, புதிய மருந்து இல்லை, மருந்தின் அளவும் மாறவில்லை என்று அர்த்தம். போன கிழமை அளவு கூடியதால் உங்கள் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்குகிறது. அடுத்த மாதம் விமானம் ஏறி, அங்கே நெஞ்சுவலி வந்தால், மறுப்பதற்குக் காரணம் தயாராக இருக்கும்.

தயவுசெய்து இதற்காக மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைக்க வேண்டாம், டொக்டரிடம் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் வேண்டாம். உடம்புக்கு வேண்டிய மருந்தை எடுங்கள், டிக்கெட்டைத் தள்ளிப் போடுங்கள். அளவு மாறிய திகதியிலிருந்து அந்தப் பாலிசி கேட்கும் நாட்களை எண்ணி, அதற்குப் பிறகு பயண நாளைக் குறியுங்கள்.

மருத்துவக் கேள்விப் படிவத்தை மகள் தனியாக நிரப்பக்கூடாது. பிள்ளைகள் நல்ல எண்ணத்தோடுதான் செய்வார்கள், ஆனால் அப்பா எத்தனை மில்லிகிராம் எடுக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. கிளினிக் கொப்பியையும் மாத்திரை அட்டைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, வீடியோ அழைப்பில் இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். மனைவிக்குத் தனிப் படிவம். பாலிசியைக் கனடாவில் இறங்குமுன்பே எடுத்துவிடுங்கள், போய்ச் சேர்ந்த பிறகு எடுத்தால் சில நாள் காத்திருப்பு விழும். விசா மறுக்கப்பட்டால் பணம் திரும்புமா என்பதையும் அப்போதே கேளுங்கள். ஒன்ராறியோவின் அரசாங்க மருத்துவத் திட்டம் வருகையாளருக்குக் கிடையாது, ஆகவே அங்கே உங்களுக்கு இருக்கும் ஒரே துணை இந்தப் பத்திரம்தான்.

கேள்வி: துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. மருத்துவக் காப்புறுதிக்கு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள் என்று ஏஜென்சியில் சொல்கிறார்கள். எனக்கு ஆஸ்துமா உண்டு.
– கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: தம்பி, வெட்டக்கூடாது. துபாயின் 2013ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, ஊழியரின் காப்புறுதிச் செலவு முதலாளியுடையது. அடிப்படைத் திட்டம் வருடத்துக்கு 150,000 திர்ஹம் வரை தரும். பின்னால் மனைவியைக் கூப்பிட்டால், அவருக்குக் காப்புறுதி எடுப்பது அவரை அழைக்கும் உங்கள் கடமை.

ஆஸ்துமாவை மறைக்க வேண்டாம். அடிப்படைத் திட்டத்தில் முதல் ஆறு மாதம், அவசர நிலை தவிர, பழைய நோய்க்குத் தராமல் இருக்கலாம். அந்தக் காலத்துக்கு வேண்டிய இன்ஹேலரை டொக்டரின் பரிந்துரைக் கடிதத்தோடு கொண்டுபோக முடியுமா என்று பாருங்கள். பத்தரமுல்லை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகப் பதிவோடு வரும் காப்புறுதியை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது வேறு தேவைக்கானது. பதிவை மட்டும் தவறாமல் செய்து, ஒரு பிரதியை வீட்டில் அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். வேலை முடிந்து விசா ரத்தானால் துபாய்க் காப்புறுதியும் அதோடு முடிந்துவிடும், ஊர் திரும்புமுன் மருந்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலைக் கடிதத்தில் "மருத்துவக் காப்புறுதி நிறுவனத்தின் செலவில்" என்ற வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லையென்றால் அதைச் சேர்த்துத் தரச் சொல்லி ஏஜென்சிக்கு மின்னஞ்சல் போடுங்கள், அதற்குப் பிறகு கையொப்பம் வைக்கலாம்.