உப்பு பூத்த கரையில் கண்டல் வளருமா?

கேள்வி: பழவேற்காடு ஏரிக்கரையில் பள்ளிப் பிள்ளைகளோடு வெண்கண்டல் (உப்புநீர்க் கரையில் வளரும் அலையாத்தி மரம்) கன்றுகள் நட்டோம். கோடையில் பெரும்பாலும் கருகிவிட்டன. மறுபடி நடலாமா?
– வாசகி, ஆரம்பாக்கம்

பதில்: நடலாம் அம்மா. ஆனால் அதற்கு முன் தண்ணீருக்கு வழி செய்யுங்கள். நட்ட இடத்தில் கோடையில் வெள்ளையாக உப்பு பூத்திருந்ததா? அப்படியானால் அது தாழ்ந்த பள்ளம். ஓதத்தில், அதாவது கடல் பொங்கி ஏறும்போது, வந்த நீர் வடியாமல் அங்கேயே காய்ந்து, உப்பு மட்டும் மண்ணில் தங்கிவிடும். வெண்கண்டல் உப்பைத் தாங்கும் மரம்தான், ஆனாலும் கடல்நீரை விடக் கடுமையான உப்பில் இளங்கன்று பிழைக்காது. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மணல் மூடும் காலங்களில் நிலைமை இன்னும் மோசம்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் என்ன செய்தார்கள் தெரியுமா? மீன்முள் போலக் கிளை வாய்க்கால்கள் வெட்டி, ஓத நீர் வந்து திரும்பிப் போக விட்டார்கள். வாய்க்காலின் சரிவில் நட்டார்கள், அடியில் அல்ல. நம் கரையில் ஓத ஏற்றம் ஒரு மீட்டர்கூட வராது. அதனால் மட்டம் பார்த்துத்தான் வெட்ட வேண்டும். பிறகு வாய்க்கால் தூர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பலரும் கைவிடுவது இங்கேதான். ஏரி சரணாலயம் என்பதால் வனத்துறை அனுமதி இல்லாமல் வெட்டாதீர்கள்.

ஆடு மாடு இலையைக் கடிக்கும், வேலி அவசியம்.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்கிறேன்: பூநாரை மேயும் திறந்த சேற்றுவெளியிலும், மீனவர்கள் இறால் தடவும் இடத்திலும் நடவே வேண்டாம். அந்த வெளி வெறுமையாக இருப்பதால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. எங்கே நடலாம் என்று முதலில் அவர்களிடம் கேளுங்கள். ஓதம் எது வரை ஏறும் என்பதை அவர்களே காட்டிவிடுவார்கள்.