நான்கு நாள் விடுப்புக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் சேர்ந்தாற்போல் நான்கு நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. ஏழு வயது மகளுக்குக் கடல் என்றால் உயிர். காரில் மூன்றரை மணி நேரத்தில் ஒரு கடற்கரை ஊர் இருக்கிறது. முன்பே ஒருமுறை போயிருக்கிறோம். கணவரோ வெளிநாட்டுத் தீவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து முன்பணமும் கட்டிவிட்டார். விமானத்தில் நான்கு மணி நேரம். செலவு கடற்கரை ஊரைப் போல மூன்று மடங்கு. பத்து நாளுக்குள் ரத்து செய்தால் கட்டியதில் பாதி திரும்பக் கிடைக்கும். "கட்டிய பணம் வீணாகக் கூடாது, போயே ஆக வேண்டும், மீதியைக் கிரெடிட் கார்டில் பன்னிரண்டு மாதத் தவணையாக்கிக் கொள்ளலாம்" என்கிறார். என்ன செய்வது?

பதில்: செலவு மூன்று மடங்கு என்று எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் நான்கு மடங்கு வருகிறது. ஒரு தாளை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். கணவரும் பக்கத்தில் இருந்தால் நல்லது.

தூக்கம் போக நாளுக்கு 16 மணி நேரம் என்றால், நான்கு நாள் என்பது 64 மணி நேரம். கடற்கரை ஊருக்குப் போய்வர ஏழு மணி நேரம் கழித்தால் கையில் 57 நிற்கும். தீவுக்கு நான்கு மணி நேரம் என்பது டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம் மட்டுமே. வீட்டுக் கதவைப் பூட்டுவதில் தொடங்கி, விடுதி அறையின் கதவைத் திறப்பது வரை எண்ணுங்கள். விமான நிலையம் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம், வெளிநாட்டு விமானம் என்பதால் மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள், பறப்பது நான்கு, வரிசையில் நின்று பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வர ஒன்று, அங்கிருந்து விடுதிக்கு ஒன்றரை. மொத்தம் 11. திரும்பும்போதும் அதே 11. ஆக, 64-இல் 22 போய்விட, மிஞ்சுவது 42.

இப்போது பணத்துக்கு வருவோம். கடற்கரை ஊரின் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொண்டால் தீவு 300. நூறை 57-ஆல் வகுத்தால் மணிக்கு 1.75. முந்நூறை 42-ஆல் வகுத்தால் 7.14. நான்கு மடங்கு ஆகிவிட்டதா? விடுமுறையை நாள் கணக்கில் பார்ப்பதால்தான் இது கண்ணுக்குத் தெரிவதில்லை. நீங்கள் விலை கொடுத்து வாங்குவது அங்கே விழித்திருந்து அனுபவிக்கும் நேரத்தை. அதிலும் பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் அறை. கிளம்பும் நாளில் பதினோரு மணி அளவில் காலி செய்ய வேண்டும். நான் போட்ட 42 தாராளமான கணக்குதான்.

இதை நான் ஏட்டுக் கணக்காகச் சொல்லவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை மூன்று நாள் பயணமாக ஒரு தொலைதூர மலைக்கு அழைத்துப் போனேன். ரயில், பிறகு வளைந்து வளைந்து ஏறும் சாலை. போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. மறுநாள் நண்பகலில் எழுந்து வந்து பார்த்தேன். அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. "நாளைக்குக் காலையில் கிளம்ப வேண்டுமே, எதற்கு எடுத்து மறுபடி அடுக்குவது?" என்றார். அந்த மலைக்கு நான் செலவழித்த பணம் இன்றும் எனக்கு வலிக்கிறது. அன்றைக்குப் பிறகுதான் ஒரு வரம்பு வைத்துக்கொண்டேன். விடுப்பு நாள் ஒன்றுக்கு, வீட்டு வாசலிலிருந்து அறை வாசல் வரை ஒருவழிப் பயணம் இரண்டு மணி நேரம். அதற்கு மேல் கூடாது. நான்கு நாளுக்கு எட்டு மணி நேரம். போய்வரும் நேரம் விழித்திருக்கும் நேரத்தில் கால்பங்காகிவிடும்; அதுவே அதிகம். சிறு குழந்தையோ வயதானவரோ கூட வந்தால் அதிலும் பாதி. உங்கள் மகளுக்கு ஏழு வயது, ஆக நான்கு மணி நேரம். கடற்கரை ஊர் அதற்குள் அடங்குகிறது. தீவு எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

உடம்பும் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறது. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி மற்ற பாதியைவிட விழிப்பாகவே இருப்பதாக, அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-இல் கண்டறிந்தார்கள். உங்கள் பயணத்தில் இரவுகளே மூன்றுதான். தீவு கிழக்கிலோ மேற்கிலோ இருந்தால் கடிகாரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். உடம்பு ஏறக்குறைய நாளுக்கு ஒரு மணி நேர வித்தியாசத்தைத்தான் ஈடுகட்டும், கிழக்கே போனால் இன்னும் மெதுவாக. குறுகிய விடுமுறைக்குத் தூரம் போயே தீர வேண்டும் என்றால் வடக்கு தெற்காகப் போவது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி அந்த முன்பணம். உங்கள் கணவரைக் கட்டிப்போட்டிருப்பது அதுதான். அவர் ஒருவர் மட்டுமல்ல. ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி வருகிறது. பனிச்சறுக்குப் பயணம் போக மிச்சிகனுக்கு 100 டாலர் டிக்கெட் வாங்கிவிட்டீர்கள், விஸ்கான்சினுக்கு 50 டாலர் டிக்கெட்டும் வாங்கிவிட்டீர்கள். விஸ்கான்சின்தான் அதிக மகிழ்ச்சி தரும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வார இறுதியில் வருகின்றன. திருப்பித் தரவும் முடியாது. எதற்குப் போவீர்கள்? பதில் சொன்ன 61 பேரில் 33 பேர் மிச்சிகனைத் தேர்ந்தெடுத்தார்கள். கட்டிய தொகை பெரிது என்ற ஒரே காரணத்துக்காக, மகிழ்ச்சி குறைவான பக்கம் போகத் தயாரானார்கள்.

நீங்கள் கட்டியது எவ்வளவு என்று எழுதவில்லை. கடற்கரைச் செலவை 100 என்று வைத்த அதே அளவில் 40 என்று வைத்துக்கொள்வோம். ரத்து செய்தால் 20 திரும்ப வரும். மற்ற 20 போனது போனதுதான். தீவுக்குப் போனாலும் அது கைக்கு வரப்போவதில்லை. இன்றிலிருந்து இனி உங்கள் கையை விட்டுப் போகப்போவதை மட்டும் பாருங்கள். தீவுக்கு இன்னும் 260. கடற்கரைக்கு 100, அதில் திரும்பி வரும் 20-ஐக் கழித்தால் 80. இருபதைக் காப்பாற்றப் போய் 180 கூடுதலாகச் செலவழிப்பதா?

தவணை பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். அடுத்த ஆண்டு விடுப்பு கேட்கும்போதும் இந்த நான்கு நாளுக்குக் கடன் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அதற்காகத் தீவே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கணவரின் ஆசை நியாயமானது. பார்த்த ஊருக்கே மறுபடியும் போவதா என்று யாருக்கும் தோன்றும். போக்குவரத்து ஒரு நிலைச் செலவு. நான்கு நாள் தங்கினாலும் எட்டு நாள் தங்கினாலும் அது மாறாது. தீவின் 300-இல் 200 விமானத்துக்கும் 100 தங்குவதற்கும் என்று வையுங்கள். எட்டு நாள் தங்கினால் செலவு 400 ஆகும். கைக்கு வரும் நேரமோ 128-இல் 22 போக 106. மணிக்கு 3.8 கூட இல்லை, இப்போதைய விலையில் ஏறக்குறைய பாதி. அதே தீவு, அதே விமானம். எட்டு நாள் விடுப்பு கிடைக்கும் ஆண்டில் போங்கள். அந்த 400-ஐப் பதினெட்டு மாதத்துக்குப் பிரித்து இந்த மாதமே ஒரு தொடர் வைப்புக் கணக்கைத் தொடங்கினால், தவணை கட்டும் கை சேமிக்கும் கையாகிவிடும். கணவரிடம் பேசும்போது இதை முதலில் சொல்லுங்கள். "ரத்து" என்று ஆரம்பித்தால் அவர் காதில் வேறு எதுவும் ஏறாது.

போய்ப் பார்க்க வேண்டிய பெரியவர் ஒருவர் அந்தத் தீவில் இருந்தால் இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, கிளம்பிவிடுங்கள். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. மகள் கேட்டது கடலை. அது மூன்றரை மணி நேரத்தில் இருக்கிறது. போன முறை பார்த்த அதே ஊர் என்பதில் ஒரு சௌகரியமும் உண்டு. எந்த இடத்தில் அலை தணிந்திருக்கும், எங்கே உட்கார நிழல் கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மிச்சமாகும் பணத்தில் கொஞ்சம் எடுத்து, கடலைப் பார்த்த அறையாகக் கேளுங்கள்.

இன்னும் ஒன்று. ரத்து செய்வதற்கு முன், தேதியை மாற்றித் தருவார்களா என்று ஒருமுறை கேளுங்கள். பல விமான நிறுவனங்களும் விடுதிகளும் சிறு கட்டணத்தோடு, கட்டண வித்தியாசம் இருந்தால் அதையும் வாங்கிக்கொண்டு, மாற்றித் தருகின்றன. அப்படிக் கிடைத்தால் போகும் 20-இலும் ஒரு பகுதி பிழைக்கும். எத்தனை மாதம் வரை மாற்றலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் கெடுவில் ஏற்கெனவே சில நாட்கள் ஓடியிருக்கும். நாளைக் காலையே தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.