தனுஷ்கோடிக்கு மே மாதம் போகாதீர்கள்

அன்புள்ள அக்கா,

தனுஷ்கோடியை அழித்த 1964 புயலை வைத்து ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். கரைவலை இழுப்பவனைக் கட்டிக்கொண்டு தனுஷ்கோடிக்கு வரும் செல்லம்மாவின் கதை. இருநூறு பக்கம் ஆகிவிட்டது. ஊரைப் பார்த்ததே இல்லை. போன வாரம் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்து ராமேஸ்வரத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஏனென்று சொல்லத் தெரியவில்லை, அந்த மண் கூப்பிடுகிறது. பள்ளி ஆசிரியை என்பதால் மே விடுமுறையில் இரண்டு நாள். திட்டம் எதுவும் இல்லை. எதையும் படித்துவிட்டுப் போவதாகவும் இல்லை. உள்ளுணர்வு இழுக்கும் பக்கம் நடப்பேன். நேரில் பார்த்தால் கற்பனை கலைந்துவிடுமா? வட்டார வழக்கில்தான் எழுத வேண்டுமா? முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கலையும். கலையட்டும். பார்த்ததும் கலைந்துபோவது நாலு சினிமாவில் பார்த்த கடலாகத்தான் இருக்கும். வட்டார வழக்கு, காதில் விழுந்த அளவுக்கு எழுதுங்கள், விழாததை எழுதாதீர்கள். இந்த இரண்டும் போதும்.

எழுத வந்தது மே மாதத்தைப் பற்றி. கதை நடக்கும் ஊருக்குப் போகிறவர்கள் எல்லோரும் ஊரைத்தான் பார்க்கப் போகிறார்கள், மாதத்தைப் பார்க்கப் போவதில்லை. கொஞ்ச நாளாகவே இது மனதில் உறுத்திக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

தனுஷ்கோடிக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். நீங்கள் மே மாதம் போய் நின்றால் இந்தப் பெயர்கள் அப்படியே பொருந்தும். தென்மேற்குக் காற்று பிடிக்கிற காலம். தெற்கே அலை அடித்து நொறுக்கும், வடக்கே குளம் மாதிரி கிடக்கும். நீங்களும் பரவசப்பட்டு நோட்டில் எழுதிக்கொள்வீர்கள். ஆனால் உங்கள் செல்லம்மா வாழ்வது கார்த்திகையிலும் மார்கழியிலும். அப்போது வடக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. எல்லாம் தலைகீழ். பெண் கடல்தான் கலங்கிச் சீறும், ஆண் கடல் தணிந்து கிடக்கும். மே மாதக் குறிப்பை வைத்துக்கொண்டு மார்கழியை எழுதினால், அந்தக் கரையில் பிறந்த ஒரு கிழவி முதல் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவிடுவாள்.

இன்னொன்றும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ராமேஸ்வரத்தில் படகுகள் கட்டிப்போட்டுக் கிடக்கும், வலைக்குத் தையலும் பலகைக்கு வண்ணமும் நடந்துகொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு ‘சோம்பிய கடற்கரை ஊர்’ என்று எழுதுவீர்கள். சோம்பல் ஊருடையது இல்லை, அரசாணையுடையது.

உங்கள் முதல் அத்தியாயத்துக்கு வருகிறேன். கார்த்திகை மாலை. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போகும் ரயிலில், இடப்பக்க ஜன்னல் வழியாகச் செல்லம்மா சூரியன் மறைவதைப் பார்க்கிறாள். பார்க்க முடியாது. அந்தத் தடம் கிழக்கிலும் தென்கிழக்கிலுமாக ஓடியது. இடப்பக்கம் பெண் கடல். சூரியன் அவளுக்கு வலப்பக்கத்தில், முதுகுக்குப் பின்னால் இறங்கும். எதிர்த் திசை பார்த்து உட்கார்ந்திருக்கும் மாமியாருக்குத்தான் அது கண்ணில் படும். யோசித்துப் பாருங்கள், அதுவே நல்ல காட்சி. வழியில் ராமேஸ்வரம் கோபுரத்தின் அருகே ரயில் நிற்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ராமேஸ்வரம் அந்த வழியில் இல்லை. பாம்பன் ஜங்ஷனில் தடம் இரண்டாகப் பிரிந்தது. ராமேஸ்வரத்துக்கு ஒரு கிளை, சுமார் ஆறே கால் மைல். தனுஷ்கோடிக்கு இன்னொன்று, 15 மைல். டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனை விட்டுக் கிளம்பித் திரும்பாமலே போன 653-ஆம் எண் பாசஞ்சர் போனது இந்த இரண்டாவது தடத்தில்.

புயலுக்கு முந்தின இரவை ‘அமாவாசை இருட்டு’ என்கிறீர்கள். அந்த மாதம் 19-ஆம் தேதி பௌர்ணமி. 21-ஆம் தேதி இரவு எட்டு, எட்டரைக்குப் பெரிய நிலா எழுந்திருக்க வேண்டும். இருட்டு வேண்டுமென்றால் மேகத்தைக் கொண்டுவாருங்கள். இருக்க வேண்டிய நிலா தெரியாமல் போவது அமாவாசையைவிடப் பயங்கரமானது. இதற்கெல்லாம் ஒரு பழைய பஞ்சாங்கம் போதும். ‘எதையும் படிக்கப்போவதில்லை’ என்று பெருமையாகச் சொல்கிறீர்களே, அது உள்ளுணர்வு இல்லை அம்மா, சோம்பேறித்தனம். குடிசைக்கு வடக்கே திறந்த வெளியில் அவளை அடுப்பு மூட்ட வைத்திருக்கிறீர்கள். வாடைக்கு முகம் கொடுத்து எவளாவது அடுப்பு மூட்டுவாளா?

திட்டியாயிற்று. இப்போது அதே அத்தியாயத்தில் நீங்கள் அறியாமலே சரியாகச் செய்த ஒன்று. கடலுக்கு இருபது தப்படி தள்ளிச் செல்லம்மா மணலைப் பறித்துக் குடிநீர் எடுக்கிறாள். எங்கும் படிக்காமலா எழுதினீர்கள்? அது அப்படியே உண்மை. ஊத்து என்பார்கள். மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே ஆடை மாதிரி மிதந்து நிற்கும். இரண்டு மூன்று அடி பறித்தால் அடியில் மணல் கறுத்து, ஓரத்திலிருந்து கசியத் தொடங்கும். பெண்கள் அவசரப்பட மாட்டார்கள். முதலில் ஊறும் கலங்கலை இறைத்து வெளியே ஊற்றிவிட்டு, குத்துக்காலிட்டுக் காத்திருந்து, தேங்காய்ச் சிரட்டையால் மேலாக அள்ளிக் குடத்தில் விடுவார்கள். குடம் நிறைய நேரம் பிடிக்கும். நீங்களோ ஆளுயரம் தோண்டி வாளியை விட்டு இழுக்க வைத்திருக்கிறீர்கள். அவ்வளவு ஆழம் போனாலும் உப்பு, வேகமாக இறைத்தாலும் உப்பு. மேலே நிற்கும் நல்ல தண்ணீர் தீர்ந்து, அடியிலிருப்பது ஏறி வந்துவிடும். வாளியைப் பிடுங்கிச் சிரட்டையைக் கொடுங்கள். அவளுடைய பொறுமை முழுவதும் அந்தக் கையில் வந்துவிடும்.

ஆகவே டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். அரையாண்டு விடுமுறை மார்கழியில்தானே வருகிறது? அப்போது போங்கள். இரண்டு நாள் போதாது, நாலு நாள் வேண்டும். கடல் சீறினால் தனுஷ்கோடிப் பக்கம் ஆட்களை விடமாட்டார்கள், ஒரு நாளாவது அப்படி வீணாகும். ரயிலிலேயே போங்கள், புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாயிற்று. ராமேஸ்வரத்திலிருந்து பஸ் இருக்கிறது, ஆனால் சாலை முடியும் அரிச்சல்முனை வரை அதில் உட்கார்ந்திருக்காதீர்கள். அந்தத் தார்ச்சாலை 2017-இல் வந்தது, செல்லம்மாவுக்கு அது கிடையாது. வழியில் முகுந்தராயர் சத்திரம் என்ற ஊரில் இறங்கி, பழைய தனுஷ்கோடியின் சிதிலங்கள் வரை மணலில் நடங்கள். சுமார் ஐந்து கிலோமீட்டர். பையில் பத்து கிலோ அரிசி இருக்கட்டும், அவள் இடுப்பில் பிள்ளை இருக்கிறது. காய்ந்த மணலில் எவ்வளவு நேரம், அலை நனைத்த ஓரத்தில் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். நாவலில் அவள் ஓடும் இடங்களில் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள். கறுப்புக் கண்ணாடி போடாதீர்கள், வாடையில் மணல் கண்ணில் எப்படிக் குத்துகிறது என்று தெரியட்டும்.

பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தாளிலும் எழுதும். போனை முதல் ஒரு மணி நேரம் வெளியே எடுக்காதீர்கள், படம் எடுத்த இடத்தை மனம் மறுபடி பார்க்காது. அங்கே உட்கார்ந்து உவமை எழுதாதீர்கள். வினைச்சொல்லாக எழுதுங்கள்: எது சரிகிறது, எது ஒட்டுகிறது, யார் எந்தக் கையால் எதைத் தூக்குகிறார்கள். தேவாலயச் சுவரில் பவளக்கல்லின் துளைகளுக்குள் விரலை விட்டுப் பாருங்கள். அன்றன்றைக்கு அங்கேயே எழுதி முடியுங்கள், லாட்ஜுக்கு வந்தால் பாதி உதிர்ந்துவிடும். மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள். இரவுக்கு ராமேஸ்வரத்திலேயே ஏதாவது கரையில் உட்காருங்கள்.

புயலைப் பார்த்தவர்களிடம் ‘அன்னிக்கு எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டுவிடாதீர்கள். அன்று பத்து வயதாக இருந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்கு எத்தனையோ கேமராக்களுக்குச் சொல்லிச் சொல்லி வழவழவென்று ஆகிவிட்ட பதில் அவரிடம் தயாராக இருக்கும். ‘வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது?’, ‘அன்னிக்கு மத்தியானம் என்ன குழம்பு?’ என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் பேச்சு நிற்கும். குறுக்கே பேசாமல் இருங்கள்.

நாலாவது நாளை உங்கள் உள்ளுணர்வுக்கு விட்டுவிடுங்கள். பையில்லாமல், நோட்டில்லாமல், இழுக்கிற பக்கம் போங்கள். ஊத்தை எழுதிய மனசு அதற்குள் எங்கே நிற்க வேண்டுமென்று தெரிந்துவைத்திருக்கும். போகுமுன் அந்த ஜன்னலை மட்டும் மாற்றிவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா